மூன்று விரல் புனிதரும் வாலென்டியின் முழங்காலும்

வாலென்டி க்ரோஹால் ஒரு மீட்டர் தொண்ணூற்று இரண்டு சென்டிமீட்டர் உயரம். அவருடைய தகரக் குளியல் தொட்டி ஒரு மீட்டர் பத்து. நடுவில் இருக்கும் அந்த எண்பத்திரண்டு சென்டிமீட்டர்தான் அவருடைய வாழ்க்கை வரலாறு. மற்றதெல்லாம் சில்லறை விவரம்.

சில்லறை விவரத்தையும் சொல்லிவிடுவோம். போர் முடிந்த மறு வருஷம், இருபது வயதில், வில்னோவிலிருந்து ஒரு மூட்டையோடு ரயிலேறி தோருன் நகரத்துக்கு வந்து இறங்கினார். டிராம் ஓட்டும் வேலை கிடைத்தது. ஓட்டுநர் அறையின் கூரையில் உரசி உரசி அவருடைய தொப்பிகள் எல்லாமே உச்சியில் வழுக்கையாகின. வீட்டு வசதி அலுவலகம் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தது. அதில் விஸ்துலா நதிக்குப் போகும் தெருவில் ‘பெலிகன் வீடு’ என்று எழுதியிருந்தது. ஒரு சமையலறை, ஒரு அறை. தற்காலிகம் என்றார்கள். முப்பது வருஷமாகிவிட்டது, இன்னும் தற்காலிகம்தான்.

பெலிகன் வீட்டுக்கு வயது அறுநூறு. செங்கல்லால் கட்டிய கோதிக் வீடு. கூர் கூராக வானத்தைக் குத்தும் முகப்பு, ஊசி முனை வளைவு வைத்த வாசல். தானியமும் துணியும் படகில் வந்த காலத்தில் எவனோ ஒரு வியாபாரி, தன்னிடம் எவ்வளவு இருக்கிறது என்று ஊருக்குச் சொல்லக் கட்டியது. உள்ளே ஒரே கூடமாக, மூன்று ஆள் உயரத்துக்கு மேல் இருந்திருக்கிறது. பிறகு வந்தவர்கள் சிக்கனக்காரர்கள். இவ்வளவு காற்றை வைத்து என்ன செய்வது என்று நடுவில் மரத்தளம் போட்டு, கூடத்தை இரண்டு அடுக்காக்கினார்கள். கீழ் அடுக்கு வாலென்டிக்கு. மேல் அடுக்கு பானி, அதாவது திருமதி, அப்போலோனியாவுக்கு. கோடையில் வரும் ஜெர்மன்காரர்கள் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்துப் புகைப்படம் எடுப்பார்கள். வாலென்டியின் நீளமான உள்ளாடைகள் கொடியில் காயும் கோலத்தில் எத்தனையோ ஜெர்மன் ஆல்பங்களில் இருக்கும்.

படம் எடுத்தவர்கள் யாரும் கழிப்பறை எங்கே என்று கேட்டதில்லை. அது முற்றத்தின் கோடியில் இருந்தது. தண்ணீர்க் குழாய், ஆறு குடும்பத்துக்கும் ஒன்றாக, படிக்கட்டுத் திருப்பத்தில். சனிக்கிழமை சாயங்காலம் வாலென்டியின் மனைவி ஃபெலிட்சா அங்கிருந்து பதினோரு பானை தண்ணீர் பிடித்துக் கரி அடுப்பில் காய வைத்துத் தொட்டியில் ஊற்றுவாள். முதலில் அவள் குளிப்பாள், பிறகு அதே தண்ணீரில் அவர். உள்ளே உட்கார்ந்தால் முழங்கால் இரண்டும் தாடைக்கு நேராக வெளியே நிற்கும். முழங்காலை நனைக்கலாம் என்று சரிந்தால் நெஞ்சு வெளியே வந்துவிடும். நெஞ்சும் முழங்காலும் ஒரே சமயத்தில் வெந்நீருக்குள் இருப்பது எப்படி இருக்கும் என்று ஐம்பது வயதுவரை அந்த மனிதருக்குத் தெரியாது. அவர் உலகத்தில் கேட்டது இந்த ஒன்றைத்தான்.

கடற்கரை ஊரான கதின்யாவில் கட்டிக்கொடுத்த மகள் ஒவ்வொரு கடிதத்திலும், கேட்காமலே, தன் வீட்டுக் குளியலறையைப் பற்றி எழுதுவாள். குழாயைத் திருகினால் வெந்நீர் வருகிறதாம். வாலென்டி அந்தப் பத்தியை மட்டும் இரண்டு தரம் படிப்பார். அவரும் புதுக் குடியிருப்பில் வீடு கேட்டு மனுப் போட்டவர்தான். வரிசையில் அவருடைய முறை ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஒன்றில் வரும் என்று எழுத்தில் பதில் வந்திருந்தது. இந்தக் கதை நடப்பது எழுபத்தாறில்.

இந்த நிலைமையில்தான் முன்பக்க மச்சில் குடியிருந்த குரெக், கூரை ஒழுகுகிறதே என்று ஒரு பலகையைப் பெயர்த்தான். பலகைக்குப் பின்னால் உத்தரம் முழுக்க வர்ணம். திராட்சைக் கொடி, மயில், குழல் ஊதும் குரங்கு. பழஞ்சின்னங்களைக் காக்கும் அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள், அளந்தார்கள், பெருமூச்சு விட்டார்கள். குரங்குக்கு அடியில் மனிதர்கள் முட்டைக்கோஸ் வேகவைக்கக் கூடாது என்று முடிவாயிற்று. பத்தே வாரத்தில் குரெக் குடும்பம் புதுக் குடியிருப்பில் ஏழாவது மாடிக்குப் போய்விட்டது. இரண்டு அறை, லிஃப்ட், குளியலறை. வரிசையில் குரெக்கின் முறை தொண்ணூற்று நான்கில் வரவேண்டியது.

மறுநாள் காலையிலிருந்து பெலிகன் வீட்டில் எல்லோருடைய வானொலியும் உச்ச சத்தத்தில் பாடியது. உள்விஷயம் என்னவென்றால், பாட்டுக்கு மறைவில் மீதி ஐந்து வீட்டிலும் மரக்கரண்டியால் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். யாரும் யாரிடமும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முழந்தாளிட்டபோது பெலிகன் வீட்டு ஆண்கள் எல்லோர் தலையிலும் வெள்ளையாகச் சுண்ணாம்பு இருந்தது. ‘வயசாகுது’ என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

வாலென்டி நவம்பரில் தொடங்கி ஜனவரிக்குள் மூன்று சுவரை முடித்துவிட்டார். கிடைத்தது ஒரு ஆணியும், ஜெர்மன் மொழியில் ஒரு காலணி விளம்பரமும். மீதி இருந்தது நான்காவது சுவர். அதில் பாதியை ஓடு பதித்த கணப்பு மறைத்துக்கொண்டிருந்தது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு டிகிரி உறைபனி. அந்த வாரத்தைத்தான் வாலென்டி கணப்பைப் பிரிக்கத் தேர்ந்தெடுத்தார். புகைபோக்கி அடைத்துக்கொண்டது என்று மனைவியிடம் சொன்னார். அவள் நம்பவில்லை. ஆனால் அவளும் சனிக்கிழமைதோறும் பதினோரு பானை தூக்குகிறவள். கணப்பின் ஓடு ஒன்றை அவளே பிடித்து இறக்கினாள்.

கடைசி ஓட்டுக்குப் பின்னால் சுண்ணாம்பு பொருக்காக விழுந்தது. அங்கே ஒரு கால் இருந்தது.

மனிதக் கால்தான், வெறுங்கால். ஆனால் குதிகாலிலிருந்து கட்டைவிரல் வரை இஸ்திரிப் பலகை நீளம். ஒவ்வொரு விரலும் காலையில் சாப்பிடும் ரொட்டி அளவு. கணுக்காலைச் சுற்றிப் பச்சைத் தண்ணீர், அதில் மூன்று மீன்கள். ஒரு மீன் சுண்டுவிரலைக் கடிக்கலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல் வாயைத் திறந்திருந்தது.

ஃபெலிட்சா தரையில் உட்கார்ந்துவிட்டாள். “வாலுஷ், குளியலறை வந்துருச்சு” என்றாள்.

மறுநாள் வாலென்டி சீருடையை இஸ்திரி போட்டு அணிந்துகொண்டு பழஞ்சின்ன அலுவலகத்துக்குப் போனார். அங்கே இருந்தவர் விர்ஸ்கா என்ற பெண் அதிகாரி. முப்பது வயது, பெரிய கண்ணாடி, பட்டம் பெற்றவர் என்பதால் ஊரே ‘பானி மகிஸ்டர்’ என்று கூப்பிடும். வியாழக்கிழமை பத்து மணிக்கு வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

இப்போது ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். தோருனில் ஒரு இல்லத்தரசிக்கு வெளியாள் வருகிறார் என்று முன்கூட்டியே தெரிவது ஆபத்தான விஷயம். ஜனவரியில் பாதிரியார் வீடு வீடாக மந்திரிக்க வரும்போது, அவர் ஐந்து நிமிஷம் உட்காரப்போகும் நாற்காலியின் அடிப்பக்கத்தைக்கூடத் துடைப்பார்கள். வியாழன் காலை வாலென்டி டிராமை நண்பர் கையில் ஒப்படைத்துவிட்டு ஒன்பதே முக்காலுக்கு ஓடி வந்தார். அறை பளபளத்தது. மேசையில் வெள்ளை விரிப்பு, கசகசா ரொட்டி, உலோகப் பிடி வைத்த கண்ணாடித் தம்ளர்களில் தேநீர். ஃபெலிட்சா முழங்கை வரை சிவந்து, கையில் தேய்க்கும் பிரஷ்ஷும் வாளியும் சோடாவுமாகச் சுவரண்டை நின்றிருந்தாள்.

“அறுநூறு வருஷத்து அழுக்கு” என்றாள் பெருமையாக. “படிச்ச பொண்ணு வர்றா. அழுக்குக் காலையா காட்டுறது?”

ஐந்து விரல் இருந்த இடத்தில் மூன்று விரல் இருந்தது. சுண்டுவிரலும் அதற்கு அடுத்ததும் வாளிக்குள் இருந்தன, இளஞ்சிவப்பாக. யோசித்துக்கொண்டிருந்த மீனுக்கு இப்போது வால் மட்டும்தான்.

பானி மகிஸ்டர் வந்தார். காலைப் பார்த்து முகம் மலர்ந்தார். ஈரத்தைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கொஞ்சம் உட்காரலாமா என்று கேட்டார். ஃபெலிட்சா நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

தேநீர் குடித்துத் தெம்பு வந்ததும் அவர் சின்னக் கத்தியால் மேல்நோக்கிச் சுரண்டிப் பார்த்தார். கெண்டைக்கால் வந்தது. முழங்கால் வரவேண்டிய இடத்தில் கூரை வந்துவிட்டது. இது புனித கிறிஸ்டோபர், குழந்தை இயேசுவைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடந்த ராட்சதர் என்றார். அந்தக் காலத்து வியாபாரி பயணத்துக்குக் காவலாகத் தன் கூடத்தில், தரையிலிருந்து உச்சி வரை, வரைந்து வைத்திருப்பானாம். மீதி உடம்பும் இருந்தால் இந்த நாட்டிலேயே இது ஒரு அதிசயம். சுவர் முழுவதையும் அரசு எடுத்துக்கொள்ளும், இரண்டு வீட்டுக்கும் உடனே மாற்று வீடு.

“இல்லேன்னா?” என்றார் வாலென்டி.

இல்லையென்றால், மூன்று விரலும் ஒரு கெண்டைக்காலும் ஓவியம் ஆகாது. அதுவும் கழுவிய மூன்று விரல். கண்ணாடி போட்டு மூடி, சுவரில் அப்படியே விடுவார்கள். குடியிருப்பவர்கள் குடியிருக்கலாம். ஒரே ஒரு விஷயம், கணப்பை மட்டும் திரும்ப வைக்கக் கூடாது. புகைக்கரி புனிதருக்கு ஆகாது. மீதி உடம்பு இருக்கிறதா என்று பார்க்க மேல்வீட்டுச் சுவரைச் சுரண்ட வேண்டும். மேல்வீட்டுக்காரர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் நாளைக்கே. போடாவிட்டால் தலைநகர் வார்சாவிலிருந்து உத்தரவு வாங்க இரண்டு வருஷம்.

இரண்டு வருஷம். அதாவது குளியலறையும் இல்லை, கணப்பும் இல்லை. மின்சார ஹீட்டர் வைத்தார்கள். வீடு முழுக்க ஃபியூஸ் போயிற்று. சமையலறை அடுப்பருகே படுக்கலாம் என்று பார்த்தார்கள். அங்கே படுத்தால் வாலென்டியின் கால் படிக்கட்டுக்கு வந்துவிடும். கடைசியில் ஓவர்கோட்டும் கம்பளித் தொப்பியுமாக, மூன்று விரல் புனிதருக்கு எதிரில், மூச்சில் ஆவி பறக்கத் தூங்கினார்கள்.

மேல்வீட்டுக்காரர் பானி அப்போலோனியா. அஞ்சலகத்தில் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். அறுபத்து நான்கு வயதிலும் எதைச் சொன்னாலும் முத்திரை குத்துவதுபோல்தான் சொல்வார். எட்டு வருஷத்துக்கு முன்னால் அவர் ஜன்னலில் தட்டிய கம்பளத்தின் தூசு, கீழே ஃபெலிட்சா ஊறப்போட்டிருந்த முட்டைக்கோஸ் பீப்பாயில் விழுந்தது. அதிலிருந்து இரு வீட்டாரும் மிகுந்த மரியாதையோடு பேசிக்கொள்வார்கள். அதைவிடப் பெரிய பகை தோருனில் கிடையாது.

வாலென்டி தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு மேலே போனார். கல் மாதிரி இறுகிப்போன இஞ்சி ரொட்டி ஒன்றை அவர் முன்னால் வைத்தார் அப்போலோனியா. வாலென்டி அதை மென்றுகொண்டே விஷயத்தைச் சொன்னார்.

“பான் வாலென்டி, உங்களுக்குக் குளிக்கணும். அதுக்கு என் வீட்டை நான் காலி பண்ணணும். நான் புரிஞ்சுக்கிட்டது சரிதானே?”

“உங்களுக்கும் வீடு தருவாங்க, பானி அப்போலோனியா. வெந்நீர் வருமாம்.”

“எனக்கு வெந்நீர் வேணும்னா நான் டீ போட்டுக்கிறேன்.”

தலைக்கு மேல் நாலு மாடி ஆட்கள் நடக்கும் இடத்தில் தன்னால் வாழ முடியாது என்றார். அந்தச் சுவரை ஒட்டி ஒரு துணி அலமாரி நின்றது. வாசல் கதவை விடப் பெரியது, கருவாலி மரம். அதை நகர்த்தினால் உடைந்துவிடும் என்றார். கடைசியாக, கிளம்பும்போது, தனக்கு முழங்கால் வலி என்றும், நிலவறையிலிருந்து கரி வாளி தூக்க முடியவில்லை என்றும் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னார்.

அதன் பிறகு பதினாறு நாள், காலை இரண்டு வாளி, சாயங்காலம் இரண்டு வாளி, வாலென்டி கரி சுமந்தார். சொந்தக் கணப்பு இல்லாத மனிதர் அடுத்த வீட்டுக் கணப்புக்குக் கரி சுமந்து மேலேறும் காட்சியை வீடே கதவிடுக்கில் நின்று பார்த்தது. அப்போலோனியா ஒவ்வொரு வாளிக்கும் நன்றி சொன்னார். கையெழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கையெழுத்துப் போட்டால் கரி நின்றுவிடும் என்ற சின்னக் கணக்கு வாலென்டியைத் தவிர எல்லோருக்கும் புரிந்திருந்தது. ஃபெலிட்சா சொல்லிப் பார்த்தாள். “உன்னை அவ கழுதையாக்கி வச்சிருக்கா.” வாலென்டி கேட்கவில்லை. இளகுகிறார், நேற்று ரொட்டி கொஞ்சம் மெத்தென்று இருந்தது என்றார்.

பதினேழாம் நாள் காய்ச்சலில் படுத்தார். பதினெட்டாம் நாள் மேல்வீட்டில் கரி தீர்ந்தது. பத்தொன்பதாம் நாள், தலையில் சால்வையைக் கட்டிக்கொண்டு, காலி வாளியைக் கையில் பிடித்துக்கொண்டு, எட்டு வருஷத்தில் முதல் முறையாக அப்போலோனியா கீழ்வீட்டுக் கதவைத் தட்டினார். உள்ளே தொட்டித் தண்ணீரில் ஐஸ் ஏடு கட்டியிருந்தது. கட்டிலில், ஓவர்கோட்டு, தொப்பி, டிராம் கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு வாலென்டி கிடந்தார். போர்வைக்கு வெளியே அவருடைய இரண்டு காலும் நீட்டிக்கொண்டிருந்தன. அதற்கு நேர் எதிரே சுவரில் அந்தக் கால்.

அப்போலோனியா இரண்டு கால்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

“பானி ஃபெலிட்சா, கொஞ்சம் மேல வாங்க” என்றார்.

மேலே போனதும் அலமாரியின் இரண்டு கதவையும் திறந்தார். நரி ரோமக் கழுத்துப்பட்டை வைத்த கோட்டுக்கும், செத்துப்போன கணவரின் அஞ்சல் சீருடைக்கும் நடுவில் ஒரு முகம் இருந்தது. ஃபெலிட்சாவின் விரல்நுனியிலிருந்து முழங்கை வரை நீளும் முகம். சுருட்டைத் தாடி. தோளில் ஒரு சின்னப் பாதம். அலமாரிக்குப் பின்பலகையே கிடையாது. ஐம்பத்தெட்டில் சுவருக்குக் காகிதம் ஒட்டும்போது கண்டுபிடித்தாராம். பாவசங்கீர்த்தனத்தில் பாதிரியாரிடம் சொன்னதோடு சரி. வெளியே தெரிந்தால் வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள் என்று பலகையை அறுத்தெடுத்துவிட்டு அலமாரியைப் புனிதர் மேலேயே சாத்திவிட்டார். தினமும் காலையில் கதவைத் திறந்து வணக்கம் சொல்வார், சாயங்காலம் செய்தி சொல்வார். பூச்சி அரிக்காமல் இருக்க வாராவாரம் இரசகற்பூர உருண்டை.

“கணவர் போனப்புறம் பேச்சுத் துணை இவர்தான்” என்றார். “குறுக்கே பேச மாட்டார். அதுலயும் அவர் மாதிரிதான்.”

ஃபெலிட்சா அந்தச் சீருடையைப் பார்த்தாள். சீருடையில் ஒரு பொத்தான் தொங்குகிறது என்றாள்.

அப்போலோனியா கேட்டதாகத் தெரியவில்லை. “பதினெட்டு வருஷமா இவர் தலைக்கு நான் அடுப்பு மூட்டுறேன். கீழ உங்க வீட்ல இவர் காலு விறைச்சுக் கிடக்கு. இது எனக்குத் தெரியாமப் போச்சு.”

அன்றைக்கே, முழங்கால் வலியோடு, பனியில் நடந்து அலுவலகம் போய்க் கையெழுத்துப் போட்டார். ஒரு நிபந்தனையும் எழுதி, அதன்மேல் ஆள்காட்டி விரலால் முத்திரை குத்தினார். தனக்கு உச்சி மாடி வேண்டும், தலைக்கு மேல் யாரும் நடக்கக் கூடாது. காலுக்குக் கீழே க்ரோஹால் குடும்பம்தான் இருக்க வேண்டும். பழகிய சத்தம் இல்லாமல் தனக்குத் தூக்கம் வராது. அலமாரியைத் திறந்து பார்த்த பானி மகிஸ்டர் இம்முறை அழுதேவிட்டார். எந்த நிபந்தனைக்கும் ஒப்புக்கொள்ளும் நிலைமையில் இருந்தார்.

ஏப்ரலில் வீடு மாறினார்கள். ஒன்பதாவது மாடி வாலென்டிக்கு, பத்தாவது அப்போலோனியாவுக்கு. முதல் நாள் சாமான்களை இறக்குவதற்கு முன்னாலேயே வாலென்டி குளியலறைக் கதவைத் திறந்தார். வெள்ளையாக, புத்தம் புதிதாக, தொட்டி இருந்தது. ஓரத்தில் ஒரு படி மாதிரி வைத்து, அதில் உட்கார்ந்து குளிக்கிற தினுசு. சின்ன வீடுகளுக்கென்றே தொழிற்சாலை செய்கிற அளவு. வாலென்டி டிராம் கம்பியை அளக்கிற நாடாவை எடுத்து அளந்தார். ஒரு மீட்டர் ஐந்து.

பழைய தொட்டியை விட ஐந்து சென்டிமீட்டர் குறைச்சல்.

குழாயைத் திருகினார். வெந்நீர் வந்தது. உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் தாடைக்கு நேராக எழுந்து நின்றன. “எப்படி இருக்கு?” என்று வெளியிலிருந்து ஃபெலிட்சா கேட்டாள். “சூடா இருக்கு” என்றார். அது பொய் இல்லை. வாரத்தில் மூன்று நாள் லிஃப்ட் ஓடாது. அந்த மூன்று நாளும் அப்போலோனியாவின் உருளைக்கிழங்கு மூட்டையைப் பத்து மாடி சுமந்தார். கரியை விட உருளைக்கிழங்கு சுத்தம் என்று சொல்லிக்கொண்டார்.

இரண்டு வருஷம் கழித்துப் பெலிகன் வீடு அருங்காட்சியகமாகத் திறந்தது. மூன்று பேரும் ஞாயிற்றுக்கிழமை உடுப்பில் போனார்கள். வாசலிலேயே காலணிக்கு மேல் கட்டிக்கொள்ள கம்பளிச் செருப்பு கொடுத்தார்கள். முப்பது வருஷம் கரி சுமந்து ஏறிய படியில் வாலென்டி வழுக்கி வழுக்கி ஏறினார். நடுத்தளத்தைப் பெயர்க்கும் வேலைக்கு வார்சாவிலிருந்து உத்தரவு இன்னும் வரவில்லையாம். அதனால் புனிதர் அப்படியே இரண்டு தவணையாக இருந்தார். மேலே தொடையிலிருந்து தலை வரை. கீழே கெண்டைக்காலிலிருந்து பாதம் வரை. முழங்கால் மட்டும் எங்கும் இல்லை. அது தளத்தின் உத்தரங்களுக்குள், இருட்டில், கதகதப்பாக இருந்தது.

மேல்தளத்தில் அப்போலோனியா யாருக்கும் தெரியாமல் வணக்கம் சொல்லிவிட்டு, இந்த வாரச் செய்தியைச் சுருக்கமாக உதட்டுக்குள் சொல்லி முடித்தார். கீழே வழிகாட்டிப் பெண் கூட்டத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். பாதத்தில் இரண்டு விரல்கள் இல்லாததைக் கவனியுங்கள், சுவீடன்காரர்கள் பீரங்கியால் நகரத்தைத் தாக்கியபோது அழிந்தவை என்றாள். கூட்டம் சுவீடன்காரர்களை நினைத்துத் தலையை ஆட்டியது. ஃபெலிட்சா கூரையை மிகுந்த ஆர்வத்தோடு பார்த்தாள்.

வாலென்டி மட்டும் நகரவில்லை. கெண்டைக்கால் முடிந்து கூரை தொடங்கும் இடத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

“என்ன வாலுஷ்?” என்றாள் ஃபெலிட்சா.

“முழங்காலை எங்க வைக்கிறதுன்னு இவருக்குத் தெரிஞ்சிருக்கு” என்றார்.